பைபிள் வாங்கப் போறீங்களா? கவரைப் பாக்காதீங்க, பக்கத்தைத் திறந்து பாருங்க: முழு வழிகாட்டி

சபையில நாலு பேர்கிட்ட "உங்க பைபிள்ல உங்களுக்குப் பிடிக்காதது என்ன"ன்னு கேட்டுப் பாருங்க, வசனத்தைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க, எல்லாரும் புஸ்தகத்தைப் பத்திதான் சொல்வாங்க. எழுத்து பொடியா இருக்கு, பின்பக்கத்து எழுத்து முன்னால தெரியுது, நடுவுல உள்ள வரி பைண்டிங்குக்குள்ள போயிடுது, ஜிப் ஆறு மாசத்துல போச்சு, சிவப்பு எழுத்து சாயங்காலம் கண்ணுக்கே தெரியல, கவர் உரிஞ்சு உரிஞ்சு பையெல்லாம் கருப்புத் தூள். இதெல்லாம் சின்ன விஷயம்னு எனக்குத் தோணல. தினமும் காலைல திறக்கற புஸ்தகம் இது, வாசிக்கக் கஷ்டமா இருந்தா மெதுவா மெதுவா திறக்கறதே குறைஞ்சிடும், அப்புறம் போன்ல ஆப் போதும்னு ஆயிடும். அதனால புதுசா வாங்கறவங்களுக்கும், ஞானஸ்நானத்துக்கோ திடப்படுத்தலுக்கோ கல்யாணத்துக்கோ கிஃப்ட் குடுக்க நினைக்கறவங்களுக்கும் கடையில நின்னுட்டே என்னென்ன பாக்கணும்னு வரிசையா எழுதறேன். பெரும்பாலும் தமிழ் பைபிளை வச்சுதான் சொல்றேன், ஏன்னா தமிழ் எழுத்துக்குன்னே சில பிரச்சினை இருக்கு, அது இங்கிலீஷ்ல வர்ற ரிவ்யூ எதுலயும் கிடைக்காது.

ஒரே ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. கடையில நம்ம கண்ணு முதல்ல போறது கவருக்கு, லெதர் மாதிரி இருக்கா, தங்க விளிம்பு மின்னுதா, ஜிப் இருக்கா. ஆனா வீட்டுக்கு வந்தப்புறம் நீங்க பாக்கப் போறது உள்பக்கத்தைத்தான். அதனால கவரைக் கடைசியா பாருங்க.

ஸ்டெப் 1: யாருக்கு, எதுக்குன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

மொழிபெயர்ப்பு எதுன்னு மொதல்ல பாருங்க. வெளியில பாக்க ஒரே மாதிரி கருப்பு அட்டையா இருக்கும், உள்ள வேற வேற இருக்கும். நம்ம சி.எஸ்.ஐ, லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகள்ல பெரும்பாலும் வாசிக்கறது ஹென்றி பவர் தலைமையில திருத்தி 1871ல வந்த பழைய மொழிபெயர்ப்பு, 66 புஸ்தகம். கத்தோலிக்க சபையில வாசிக்கறது 1995ல வந்த பொது மொழிபெயர்ப்பு, அதான் திருவிவிலியம், 73 புத்தகம். வயசான அம்மாவுக்கு அவங்க சின்ன வயசுல மனப்பாடம் பண்ண மொழிபெயர்ப்பை விட்டுட்டு வேறதை வாங்கிக் குடுத்தா எவ்ளோ அழகா அச்சடிச்சிருந்தாலும் அவங்க அதைத் தொட மாட்டாங்க.

அடுத்து, எங்க வச்சு வாசிப்பாங்க? மேசையில வச்சா, கட்டில்ல சாஞ்சுட்டா, சபைக்கு எடுத்துட்டுப் போகவா, பிரசங்க பீடத்துல வச்சா? மடியில வச்சு வாசிக்கற பாட்டிக்கு ரொம்பப் பெரிய எழுத்து பைபிள்னு ஒன்றரைக் கிலோ புஸ்தகத்தை வாங்கிக் குடுப்பாங்க, அவங்க கை வலி தாங்காம பழைய சின்ன பைபிளுக்கே திரும்பிப் போயிடுவாங்க. எல்லாத்துக்கும் ஒரே பைபிள்னு தேடினா எதுக்குமே சரியா வராது, வீட்டுக்கு ஒண்ணு கைக்கு ஒண்ணுன்னு ரெண்டு சாதாரண பைபிள் வாங்கறது ஒரு காஸ்ட்லி பைபிளை விட நல்லதுன்னு நான் நினைக்கறேன்.

ஸ்டெப் 2: எழுத்தை சோதிங்க (இங்கதான் அதிக நேரம் செலவு பண்ணணும்)

அட்டையில 10 பாயிண்ட், 12 பாயிண்ட்னு போட்டிருப்பாங்க, அதை அப்படியே நம்பாதீங்க. ஒரு பாயிண்ட்டுங்கறது ஏறக்குறைய 0.35 மில்லிமீட்டர், ஆனா அது எழுத்தோட கண்ணுக்குத் தெரியற உயரம் இல்ல, எழுத்து உக்கார்ற கட்டத்தோட அளவு. ஒரு ஃபான்ட்ல 10 பாயிண்ட் பெருசா தெரியும், இன்னொண்ணுல பொடியா தெரியும். தமிழ்ல இது இன்னும் மோசம், ஏன்னா நம்ம எழுத்துக்கு மேல புள்ளி, கி கீ கொக்கி எல்லாம் வரும், கீழ கு கூ சு பு மாதிரி வால் வரும், ரெண்டுக்கும் இடம் விட்டப்புறம் நடு எழுத்துக்கு மிச்சம் இருக்கறது கொஞ்சம்தான்.

கையில ஒரு சின்ன ஸ்கேல் கொண்டு போங்க. பத்து வரி எவ்ளோ உயரம் வருதுன்னு அளந்து பாருங்க. மூன்றரை சென்டிமீட்டருக்கு உள்ள பத்து வரியும் அடங்கிடுச்சுன்னா அது நாப்பது வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு நெரிசல், நாலரை சென்டிமீட்டருக்கு மேல வந்தா நிம்மதியா வாசிக்கலாம். இது நான் வச்சிருக்கற கணக்கு, உங்க கண்ணுக்கு ஏத்த மாதிரி கூட்டிக் குறைச்சுக்கோங்க. எழுத்து பெருசா இருந்து வரிக்கு வரி இடைவெளியே இல்லன்னா அதுவும் வேலைக்கு ஆகாது, மேல் வரியோட "கு" வால் கீழ் வரியோட "கி" கொக்கியை இடிக்கும், கண்ணு வரி மாறி மாறிப் போகும்.

அடுத்தது நான் ரொம்ப முக்கியம்னு சொல்றது. ண, ன இந்த ரெண்டையும் தேடிப் பாருங்க. ண-வுக்கு மூணு சுழி, ன-வுக்கு ரெண்டு சுழி. மை கொஞ்சம் அதிகமா போயிருந்தா, இல்ல பேப்பர் மையை உறிஞ்சிருந்தா, சின்ன எழுத்துல அந்த சுழியெல்லாம் அடைஞ்சு கருப்புப் பொட்டு ஆயிடும், மனமா மணமான்னு எழுத்தைப் பாத்து சொல்ல முடியாது, வாக்கியத்தை வச்சு ஊகிச்சுக்கணும். மை குறைஞ்சா வேற பிரச்சினை, புள்ளி காணாமப் போயிடும், "அவன்" வந்து "அவன"ன்னு நிக்கும். ர-வும் துணைக்காலும் நிறைய ஃபான்ட்ல கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், ர்-மேல புள்ளி விழலன்னா அது துணைக்காலா ரவான்னு ஒரு நொடி கண்ணு நின்னுதான் போகும். பழக்கமான வசனத்துல இது தெரியாது, மனசு தானா நிரப்பிக்கும். அதனால யோவான் 3 மாதிரி தெரிஞ்ச இடத்தை வச்சு சோதிக்காதீங்க, 1 நாளாகமம் 1ஆம் அதிகாரத்துல பேர் பட்டியல் இருக்குல்ல, அங்க போங்க. பழக்கமில்லாத பேரெல்லாம் தடுமாறாம வாசிக்க முடிஞ்சா அச்சு நல்ல அச்சு.

பழைய பதிப்பு வாங்கறீங்கன்னா, இல்ல பழைய அச்சையே திரும்ப எடுத்து அடிச்சதா இருந்தா, ஒரு விஷயம் கவனிங்க. தமிழ்நாட்டுல 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வந்துச்சு, அதுக்கு முன்னாடி ணை, லை, னை எல்லாம் மேல தும்பிக்கை வச்ச மாதிரி எழுதுவாங்க, ணா றா னா வேற வடிவம். பெரியவங்களுக்கு அது ஒண்ணும் இல்ல, ஸ்கூல்ல புது எழுத்து படிச்ச பசங்க அங்க தடுக்கி நிப்பாங்க. பசங்களுக்கு வாங்கினா இதைப் பாத்து வாங்குங்க.

இந்த எழுத்துக்கும் பேப்பருக்கும் உள்ள சண்டை இன்னைக்கு நேத்து வந்தது இல்ல. தரங்கம்பாடியில ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சடிச்சப்ப, ஜெர்மனில ஹாலேயிலருந்து செஞ்சு வந்த தமிழ் எழுத்து ரொம்பப் பெருசா இருந்துச்சு, இருக்கற பேப்பர் பத்தாதுன்னு ஆச்சு, அதனால இங்கயே சின்னதா புது எழுத்து வார்த்து 1715ல வேலையை முடிச்சாங்க. முந்நூறு வருஷம் ஆயும் பதிப்பாளருக்கு அதே கணக்குதான்: எழுத்தைப் பெருசாக்கினா பக்கம் கூடும், பக்கம் கூடினா விலையும் எடையும் கூடும்.

ஸ்டெப் 3: பத்தியோட அகலம்

பெரும்பாலான பைபிள் பக்கத்துக்கு ரெண்டு பத்தியா, அதாவது நியூஸ்பேப்பர் மாதிரி மேலருந்து கீழ ரெண்டு காலமா இருக்கும். இங்கிலீஷ்ல சின்ன சின்ன வார்த்தை, அதனால குறுகின பத்திக்குள்ள அழகா உக்காரும். தமிழ் அப்படி இல்ல. சங்கீதம் 119:105 எடுத்துப் பாருங்க, கடைசி வார்த்தை "வெளிச்சமுமாயிருக்கிறது", பன்னிரண்டு எழுத்து. சின்ன பைபிள்ல ஒரு வரில பாதிக்கு மேல இதே எடுத்துக்கும். வரி ஓரத்துல இடம் பத்தலன்னா மொத்த வார்த்தையும் கீழ இறங்கிடும், ரெண்டு ஓரமும் நேரா இருக்கணுமேன்னு மேல் வரில மிச்சம் இருக்கற ரெண்டு வார்த்தையைப் பிரிச்சு நடுவுல பெரிய ஓட்டை விட்டுடுவாங்க. ஒரு பக்கத்துல இப்படி அஞ்சாறு இடத்துல ஓட்டை வந்தா கண்ணு வரியைப் பிடிக்கவே முடியாது. சில பதிப்புல இதுக்குப் பதிலா வார்த்தையை எங்க வேணா வெட்டி அடுத்த வரில போடுவாங்க, அது சத்தமா வாசிக்கறவங்களைத் தடுமாற வைக்கும்.

சோதிக்க சுலபமான வழி: பைபிளைக் கொஞ்சம் தூரமா பிடிச்சு, எழுத்தை வாசிக்காம பக்கத்தை மொத்தமா பாருங்க. வெள்ளை ஓட்டையெல்லாம் கோடு மாதிரி மேலருந்து கீழ ஓடினா அந்த அளவை விட்டுட்டு அடுத்த பெரிய அளவுக்குப் போங்க. வலது ஓரத்தை நேராக்காம அப்படியே விட்டிருக்கற பதிப்பு கிடைச்சா தயங்காம எடுக்கலாம், பாக்க முதல்ல ஒழுங்கில்லாத மாதிரி இருக்கும், வாசிக்க அதான் சுகம்.

தமிழ் இங்கிலீஷ் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உள்ள பைபிள்ல இந்தப் பிரச்சினை இன்னும் ஜாஸ்தி. ஒரே வசனத்துக்குத் தமிழ் அதிக இடம் கேக்கும், ரெண்டையும் சமமா கொண்டு வரணும்னு தமிழ் எழுத்தை மட்டும் சுருக்கிடுவாங்க. பிள்ளைங்க இங்கிலீஷ் மீடியம், அதனால ரெண்டும் இருக்கட்டும்னு வாங்கறோம், கடைசில வீட்டுல யாரும் தமிழ்ப் பக்கத்தை வாசிக்கறதில்ல. வாங்கறதுக்கு முன்னாடி தமிழ் எழுத்தை மட்டும் தனியா மேல சொன்ன மாதிரி அளந்து பாருங்க.

ஸ்டெப் 4: வசன எண், தலைப்பு, பக்கத்து மேல் மூலை

புதிய ஏற்பாட்டு வசனத்துக்கு நம்பர் போடற இப்போதைய முறை 1551ல ராபர்ட் எஸ்தியேன் அச்சடிச்ச கிரேக்க புதிய ஏற்பாட்டுல வந்தது, ஒவ்வொரு வசனத்தையும் தனித்தனி வரில ஆரம்பிக்கற பழக்கத்தை 1560 ஜெனீவா பைபிள் பரப்புச்சு. நம்ம பழைய மொழிபெயர்ப்பும் இந்த வழக்கம்தான். இதுல ரெண்டு கட்சி இருக்கு. பிரசங்கம் கேக்கறப்ப வசனம் தேடறவங்களுக்குத் தனி வரி வேணும், பாஸ்டர் "பன்னெண்டாம் வசனம் வாசிங்க"ன்னு சொன்னதும் விரல் அங்க போய் நிக்கணும். வீட்டுல ஒரு நிருபத்தை முழுசா உக்காந்து வாசிக்கறவங்களுக்குப் பாரா பாராவா ஓடற அமைப்பு நல்லா இருக்கும், பவுல் எழுதற வாதம் துண்டு துண்டா உடையாது. ரெண்டுமே சரிதான், ஆனா பாரா அமைப்புல வசன எண்ணைக் கண்ணுக்கே தெரியாத பொடி எழுத்துல, அதுவும் மங்கலா போட்டிருந்தா சபைக்கு எடுத்துட்டுப் போக லாயக்கில்ல. சங்கீதத்தையும் பாரா மாதிரி ஒட்ட வச்சிருந்தா வேண்டாம்னு வச்சிடுங்க, பாட்டு பாட்டா இருக்கணும்.

பக்கத்தோட வெளி மூலையில புஸ்தகம் பேரும் அதிகாரமும் இருக்கான்னு பாருங்க. சில பதிப்புல பக்க எண்ணைப் பெருசா மூலையில போட்டு, அதிகாரத்தைப் பைண்டிங் பக்கம் தள்ளிடுவாங்க, பைபிளை யாரும் பக்க எண் வச்சு தேடறதில்லையே! மத்தேயுல ஆரம்பிச்சு பக்க எண்ணைத் திரும்ப 1லருந்து போடற பதிப்பும் உண்டு, பொருளடக்கம் பாத்துத் தேடற புது விசுவாசிக்கு அது குழப்பம்.

ஸ்டெப் 5: பின்பக்கம் தெரியுதா?

பைபிள் பேப்பர் ஏன் இவ்ளோ மெலிசுன்னு கேக்கறவங்களுக்கு ஒரு கணக்கு. சாதாரண புஸ்தகம் 60லருந்து 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம்ங்கற அளவு) பேப்பர்ல வரும். 1400 பக்கம்னா 700 தாள், 70 ஜிஎஸ்எம்ல அடிச்சா தடிமன் மட்டும் இரண்டரை அங்குலத்துக்குக் கிட்ட வரும். பைபிள் பேப்பர் ஏறக்குறைய 28லருந்து 40 ஜிஎஸ்எம், அதனாலதான் ஒரு அங்குலம் சொச்சத்துல அடங்குது. மெலிசா இருந்தாலும் பின்பக்கம் தெரியக்கூடாதுன்னு டைட்டானியம் டையாக்சைடு மாதிரி பொருள் சேப்பாங்க, அது சேத்தா விலை கூடும், அதனால மலிவு பதிப்புல பின்பக்கத்து எழுத்து நிழல் மாதிரி தெரியும்.

எப்படிப் பாக்கறது: ஒரு தாளை மட்டும் தூக்கி, அதுக்குப் பின்னால ஒரு வெள்ளைத் தாள் வச்சுப் பாருங்க, அப்பவும் பின்பக்க எழுத்து தெரிஞ்சா பேப்பர் சரியில்ல. பாட்டு வரிகள் உள்ள பக்கத்துல பாக்கறது நல்லது, வரி ஓரத்துல இருக்கற வெத்து இடத்துலதான் பின்பக்கம் அப்பட்டமா தெரியும். இன்னொண்ணு, ரெண்டு பக்கத்து வரியும் ஒண்ணுக்கு நேரா ஒண்ணு விழற மாதிரி அடிச்சிருந்தா பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்து எழுத்துக்குப் பின்னாலயே மறைஞ்சிடும், வரி இடைவெளி சுத்தமா இருக்கும். தாளை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா இது உடனே தெரியும். பேப்பர் சுமாரா இருந்தாலும் இதை ஒழுங்கா பண்ணியிருந்தா அந்த பைபிள் வாசிக்கலாம், கவனமா வேலை பாத்த அச்சகம்னு அர்த்தம்.

பளபளன்னு வெள்ளை வெளேர்னு இருக்கற பேப்பரை விட லேசா பழுப்பு கலந்தது கண்ணுக்கு நல்லது, ட்யூப்லைட் கீழ வாசிச்சுப் பாத்தா புரியும். பக்கத்தை லேசா அசைச்சுப் பாருங்க, வெளி ஓரத்துலருந்து முதுகுப் பக்கமா சுலபமா வளையணும். பேப்பரோட நார் முதுகுப் பக்கத்துக்கு இணையா ஓடணும், குறுக்க ஓடினா மழைக் காலத்துல ஈரம் குடிச்சு பக்கமெல்லாம் அலை அலையா நெளியும், கடலோர ஊர்ல இருக்கறவங்களுக்கு இது கட்டாயம் வரும்.

ஸ்டெப் 6: நடு மடிப்பு

ஆதியாகமம் 1, சங்கீதம், வெளிப்படுத்தின விசேஷம் 22, இந்த மூணு இடத்துலயும் பைபிளைத் திறந்து மேசையில வச்சு கையை எடுங்க. நடுவுல திறந்தா எந்த பைபிளும் படுத்துக்கும், ஆதியாகமத்துலயும் வெளிப்படுத்தல்லயும்தான் வண்டவாளம் தெரியும். தானா மூடிக்கிச்சுன்னா, இல்ல உள் ஓரத்து எழுத்தை வாசிக்க விரலால அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தா, தினமும் அதே கஷ்டம்தான். புதுசுல கொஞ்சம் விறைப்பா இருக்கும், அது சரியாயிடும், ஆனா உள் ஓரத்துல விட்ட இடமே கம்மின்னா அது சாகற வரைக்கும் சரியாகாது.

ஸ்டெப் 7: சிவப்பு எழுத்து

இயேசு பேசினதை சிவப்புல அச்சடிக்கற யோசனை லூயி கிளாப்ஷ்னு அமெரிக்காவுல இருந்த ஒரு பத்திரிகை ஆசிரியரோடது, லூக்கா 22:20ல இரத்தத்தைப் பத்தி வாசிச்சப்ப தோணுச்சாம், 1899ல புதிய ஏற்பாடு வந்துச்சு, 1901ல முழு பைபிள். நிறைய பேருக்கு இது பிடிக்கும், எனக்கும் அந்த பக்தி புரியுது. ஆனா வாசிக்கறப்ப வர்ற தொல்லை உண்மையானது. மலைப்பிரசங்கம், மத்தேயு 5லருந்து 7 வரை, முழு பக்கமும் சிவப்பு. யோவான் 14லருந்து 17ம் அப்படியே. மங்கலான மஞ்சள் பல்பு வெளிச்சத்துல அந்தப் பக்கம் கண்ணைப் பிடுங்கும், சிவப்பு பச்சை நிறம் பிரிச்சுப் பாக்கக் கஷ்டப்படறவங்களுக்கு இன்னும் சிரமம்.

அச்சுலயும் சிக்கல் இருக்கு. கருப்புக்கு ஒரு தடவை சிவப்புக்கு ஒரு தடவைன்னு பதியணும், லேசா விலகினா சிவப்பு வரி கருப்பு வரியை விட ஒரு மயிரிழை மேலயோ கீழயோ உக்காந்திருக்கும். மத்தேயு 13ல கதையும் இயேசு பேச்சும் மாறி மாறி வரும், அந்தப் பக்கத்தைத் திறந்து ஒரே வரில கருப்பும் சிவப்பும் சமமா இருக்கான்னு பாருங்க. அப்புறம் நாலு சுவிசேஷத்தையும் புரட்டுங்க, ஒரு இடத்துல நல்ல சிவப்பு, இன்னொரு இடத்துல வெளுத்த ரோஸ்னு இருந்தா வச்சிடுங்க.

இன்னொரு சங்கதியும் இருக்கு. மூல கிரேக்கத்துல மேற்கோள் குறியே கிடையாது, அதனால யோவான் 3ல இயேசு நிக்கொதேமுகிட்ட பேசினது எங்க முடியுதுன்னு பதிப்பாளர்தான் முடிவு பண்றாங்க, சிலதுல 15ஆம் வசனத்தோட நிக்கும், சிலதுல 21 வரை சிவப்பா ஓடும். கலரை வச்சு உபதேசத்தை முடிவு பண்ணாதீங்கன்னு வாலிபர் கூட்டத்துல சொல்லிக் குடுக்கறது நல்லது. வயசானவங்களுக்கு வாங்கினா முழுக்கக் கருப்பா உள்ளதுதான் என் சிபாரிசு.

ஸ்டெப் 8: பைண்டிங்

முதுகுப் பக்கத்தை மேலருந்து பாருங்க. சின்ன சின்ன கட்டா, மடிச்ச ஃபாரம் (சில தாளை ஒண்ணா சேத்து மடிச்ச கட்டு) ஒவ்வொண்ணும் தனித்தனியா வளைவா தெரிஞ்சா அது தையல் பைண்டிங். எல்லா தாளும் ஒரே நேரா வெட்டி பசையில ஒட்டின மாதிரி தெரிஞ்சா அது வெறும் பசை. சந்தேகமா இருந்தா ஒரு ஃபாரத்தோட நடுவைத் திறங்க, நூல் ஓடுறது கண்ணுக்குத் தெரியணும். பசை மட்டும் போட்டதை தினமும் வாசிச்சா நடுவுல பிளந்து கத்தையா கழண்டு வரும், நம்ம வெயிலுக்குப் பசை காஞ்சு நொறுங்கறதும் சீக்கிரம். மத்த எல்லாத்துலயும் விட்டுக்குடுக்கலாம், இதுல விட்டுக்குடுக்காதீங்க. மலிவு அட்டை போட்ட தையல் பைபிளைப் பின்னால நல்ல கவர் போட்டு எத்தனை வருஷம் வேணா வச்சுக்கலாம், லெதர் போட்ட பசை பைபிளை ஒண்ணும் பண்ண முடியாது.

அப்படியே முழு பைபிளையும் ஒரு தடவை புரட்டிடுங்க. ஃபாரம் விட்டுப் போறது, ஒரே ஃபாரம் ரெண்டு தடவை வர்றது, தலைகீழா தைச்சது, ஒரு பக்கம் வெத்தா இருக்கறது, இதெல்லாம் நடக்கும். 1631ல லண்டன்ல ராஜாவோட அச்சகத்துலயே விபசாரக் கட்டளையில "செய்யாதே"ங்கறதுல உள்ள மறுப்பு விட்டுப் போயி, அச்சடிச்சவங்களுக்கு 300 பவுண்ட் அபராதம் போட்டாங்க. அச்சுப் பிழை எங்கயும் வரும், பணம் குடுக்கறதுக்கு முன்னாடி பாத்துட்டா மாத்தறது சுலபம்.

ஸ்டெப் 9: இப்ப கவர், ஜிப், இன்டெக்ஸ்

"லெதர்"னு எழுதியிருக்கற எல்லாம் லெதர் இல்ல. பான்டட் லெதர்னா தோல் துணுக்கை அரைச்சுப் பசையோட சேத்து தகடாக்கினது, கொஞ்ச வருஷத்துல மடிப்புல உரியும். பியு லெதர்னா துணி மேல பாலியூரித்தேன் பூசினது, தொட மெத்துன்னு இருக்கும், ஆனா சூடும் ஈரமும் உள்ள நம்ம ஊர்ல அந்தப் பூச்சு பிசுபிசுன்னு ஆகித் தோலா உரிஞ்சு வரும். நல்ல கெட்டி அட்டை, இல்ல வழக்கமான ரெக்சின், இது ரெண்டும் விலைக்குத் தகுந்த உழைப்பு குடுக்கும்.

ஜிப் பைபிள் பத்தி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்ல. மழையில நனையாது, உள்ள வச்ச சீட்டு விழாதுன்னு வாங்கறோம், சரி. ஆனா ஜிப் பல்லு பக்க ஓரத்தை உரசிக்கிட்டே இருக்கும், முதல்ல போறது ஆதியாகமத்தோட முதல் பக்கங்களும் கடைசி மேப்பும்தான். திறந்து வச்சா கவரோட மடல் கைக்கு இடைஞ்சல், ரன்னர் போச்சுன்னா மொத்த கவரும் வீண். பைபிள் தனி, ஜிப் உறை தனின்னு வாங்குங்க, உறை போனா உறையை மட்டும் மாத்தலாம்.

ஓரத்துல அரைவட்டமா வெட்டி புஸ்தகம் பேர் ஒட்டின தம்ப் இன்டெக்ஸ் புது விசுவாசிக்கு உதவியா இருக்கும். மெலிசு பேப்பர்ல அந்த வெட்டு இருக்கற இடத்துலருந்துதான் கிழியும், வெட்டு எழுத்துக்கு ரொம்பக் கிட்ட வந்திருக்கான்னு பாத்து வாங்குங்க. ரிப்பன் ஒண்ணாவது பக்கத்தோட கீழ் மூலையைத் தாண்டி விரலால பிடிக்கற அளவுக்கு நீளமா இருக்கணும், ரெண்டு இருந்தா பழைய ஏற்பாட்டுக்கு ஒண்ணு புதிய ஏற்பாட்டுக்கு ஒண்ணு.

ஸ்டெப் 10: கூடுதல் சமாச்சாரம் எவ்ளோ வேணும்?

ஒத்துவாக்கியம் (அதே கருத்துள்ள வேற வசனம் எங்க இருக்குன்னு காட்டற குறிப்பு) நல்ல விஷயம், வேதத்தை வேதத்தாலயே விளக்க அதை விட நல்ல வழி இல்ல. ஆனா வசனத்துக்கு நடுவுல நாலு வார்த்தைக்கு ஒரு பொடி எழுத்து நின்னா வாசிப்பு ஓடாது, வசனத்துக்குக் கடைசியிலயோ நடுப் பத்தியிலயோ தனியா இருந்தா தேவலை. ஸ்டடி பைபிள் எடுத்தா ரோமர் புஸ்தகத்தைத் திறந்து பாருங்க, பக்கத்துல பாதிக்கு மேல விளக்கம், மேல ரெண்டு மூணு வசனம் மட்டும்னா அது படிக்க வச்சுக்கற புஸ்தகம், தினசரி தியானத்துக்கு இல்ல. வசனத்துக்குப் பின்னால மங்கலா பூ, சிலுவை, மேகம் படம் போடறதை தயவுசெஞ்சு தவிர்க்கற பதிப்பா வாங்குங்க, எழுத்துக்கும் தாளுக்கும் உள்ள வித்தியாசத்தை அது குறைக்குது.

ஆன்லைன்ல வாங்கறவங்க கவனத்துக்கு

கவர் போட்டோ பத்து இருக்கும், உள்பக்கம் ஒண்ணு கூட இருக்காது. உள்பக்கப் படம் இல்லாத பைபிளை வாங்காதீங்க. ரிவ்யூல யாராவது திறந்த பக்கத்தை போட்டோ எடுத்துப் போட்டிருந்தா அதைப் பெருசாக்கிப் பாருங்க, பக்கத்துல விரல் தெரிஞ்சா இன்னும் நல்லது, எழுத்தோட அளவு புரியும். நீளம் அகலம் சென்டிமீட்டர்ல, எடை, பக்க எண்ணிக்கை இது மூணும் இருக்கணும். மாத்தித் தருவாங்களான்னும் பாத்துக்கோங்க. கடைக்கே போக முடிஞ்சா போங்க, "அண்ணே, பிரிச்சுப் பாத்துக்கலாமா"ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்ற பைபிள் கடையை நான் பாத்ததில்ல.

வாங்கினப்புறம்

புதுசுல தங்க விளிம்புல பக்கமெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும், இழுத்துப் பிரிச்சா மூலை கிழியும். முதுகை மேசையில வச்சு, முன்னாலருந்து கொஞ்சம் தாள், பின்னாலருந்து கொஞ்சம் தாள்னு மாத்தி மாத்தி பக்கவாட்டுல படுக்க வச்சு லேசா தடவிக்கிட்டே நடுவுக்கு வாங்க. கோடு போட சாதா பால் பாயிண்ட்டோ கலர் பென்சிலோ போதும், ஜெல் பேனாவும் தண்ணி மாதிரி ஹைலைட்டரும் பின்பக்கம் ஊறிடும். புதுப் பேனாவை முதல்ல கடைசிப் பக்கத்து மேப் ஓரத்துல தேச்சுப் பாருங்க. தடியா நோட்டீஸ், காணிக்கைக் கவர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் உள்ள திணிச்சு வைக்கறதுதான் முதுகு உடையறதுக்குப் பெரிய காரணம், அதுக்கு ஒரு ஃபைல் வச்சுக்கோங்க.

அப்பா தாத்தா வச்சிருந்த பைபிளை மறுபடி பைண்ட் பண்ணக் குடுக்கறீங்கன்னா பைண்டர்கிட்ட மூணு விஷயம் வாய்விட்டு சொல்லுங்க. ஒண்ணு, ஓரத்துலருந்து ஊசி விட்டு சைடு தையல் போடக்கூடாது, போட்டா உள் ஓரத்து வரியெல்லாம் தையலுக்குள்ள போயிடும், பழைய ஃபாரம் மடிப்பு வழியாவே தைக்கணும், மடிப்பு கிழிஞ்சிருந்தா மெலிசு டிஷ்யூ ஒட்டி சரி பண்ணிட்டு தைக்கணும். ரெண்டு, மூணு பக்கமும் மெஷின்ல கட்டிங் போடக்கூடாது, ஓரத்துல அவங்க கையால எழுதின குறிப்பெல்லாம் அதோட போயிடும். மூணு, முதல் பக்கத்துல பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணத் தேதி எழுதின தாள் தனியா கழண்டிருந்தா அதைப் புது அட்டைக்குள்ள ஒட்டி மூடிடாம முன்னாலயே சேத்துத் தைக்கச் சொல்லுங்க. குடுக்கறதுக்கு முன்னாடி அந்தத் தாளை மட்டும் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.